துரைசாணி சைக்கிள்

ராக்கப்பனுக்குச் சைக்கிள் விடத் தெரியாது என்பது ஆனைக்குழி எஸ்டேட்டில் ராக்கப்பனுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாரும் அவனைச் சைக்கிள் ராக்கப்பன் என்றே கூப்பிட்டார்கள்.

அந்தப் பேர் வந்து இரண்டு வருஷமாகிறது. அதற்கு முன்னால் அவன் தோளில் தோல்பையை மாட்டிக்கொண்டு, எஸ்டேட் ஆபீசிலிருந்து பீர்மேடு தபாலாபீசுக்கு நடந்தே போய் வந்தவன். போக ஆறு மைல், வர ஆறு மைல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்றில் கம்பெனி ஒரு சைக்கிளை வாங்கி அனுப்பியது. கறுப்பு நிறம், குதிரைக்குட்டி உயரம். பெரிய கிளார்க் அதை ஒப்படைக்கும்போது, "விடத் தெரியுமாடா?" என்று கேட்டார். தெரியாது என்றால் தபால் வேலையே வேறொருத்தனுக்குப் போய்விடும் என்ற பயத்தில், "தெரியுங்க" என்று சொல்லிவிட்டான். சொன்னது சொன்னதுதான். வாயிலிருந்து போன வார்த்தையை எந்த வழியாகத் திரும்பக் கூட்டிவருவது?

ராக்கப்பன் ஆள் குள்ளம். ஐந்தடிக்கு மேல் இரண்டு விரற்கடை இருந்தால் அதிகம். சீட்டில் உட்கார்ந்தால் கீழே போகிற பெடலைக் கால் தேடும், கிடைக்காது. தரையில் காலை ஊன்றி நிற்கலாமென்றால் நடுக்குழாய் இடிக்கும். இரண்டு வாரம் விழுந்து எழுந்த பிறகு அவனாக ஒரு வழி கண்டுபிடித்தான். ஆபீசிலிருந்து கிளம்பினால் ஒரே ஏற்றம். ஏற்றத்தில் எவனும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், அதனால் அங்கே சந்தேகமே வராது. மேலே ரோட்டுக்கு வந்தபின் பார்க்க ஆளில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஆறு மைலும் ஓடுவான். திரும்பும்போதும் அப்படியே ஓட்டம். ஆபீசுக்கு மேலே இருக்கிற கடைசி வளைவில் ஒரு கல் உண்டு. அதன்மேல் நின்று ஏறி உட்கார்ந்து விட்டுவிட்டால், பெடலை மிதிக்காமலே சரிவில் ஜம்மென்று இறங்கி, மணியடித்துக்கொண்டே ஆபீஸ் முற்றத்துக்குள் வந்து, விறகு அடுக்கில் சாய்ந்து நின்றுவிடலாம். "வந்துட்டான்யா காத்து மாதிரி" என்பார் பெரிய கிளார்க்.

பெண்டாட்டி பூமாரியிடம்கூட அவன் இதைச் சொல்லவில்லை. ஊரில் நெட்டையும் குட்டையுமாக எத்தனையோ பேர் சைக்கிள் விடுகிறார்கள், தன் உடம்புதான் அதற்கு லாயக்கில்லாமல் பிறந்துவிட்டது என்று நினைத்திருந்தான்.

முப்பத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில் ஒரு நாள். விடிகாலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற பெரட்டுக்களத்தில், தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டக்டர் குருசாமி கையில் ஒரு காகிதத்தோடு நின்றார்.

"எல்லாரும் கேளுங்க. வர்ற மாசம் மொதச் சனிக்கெழம தொரமாரு கிளப்புல சைக்கிள் பந்தயம். நம்ம சின்னத்தொரதான் நடத்துறாரு. எஸ்டேட்டுக்கு ஒரு ஆளு. நம்ம பக்கம் ராக்கப்பன்."

கொழுந்தெடுக்கிற பெண்கள் கூடையைத் தட்டிச் சத்தம் போட்டார்கள். பூமாரி முகமெல்லாம் சிரிப்பாக இவனைத் திரும்பிப் பார்த்தாள். ராக்கப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு குருசாமி பக்கம் போனான்.

"ஐயா, பந்தயம் ரோட்டுலதானுங்களே?" என்றான். இறக்கமாக இருந்தால் எப்படியாவது சமாளித்துவிடலாம் என்ற நப்பாசை.

"ரோட்டுல இல்லப்பா. தேயிலக் காட்டுக்குள்ள, ஓடைக்குள்ள, மேட்டுல."

"ஓடைக்குள்ள சைக்கிள் எப்படிங்கய்யா போகும்?"

குருசாமி காகிதத்தை இன்னொரு தரம் பார்த்தார். "அப்படித்தான் எழுதியிருக்கு. எனக்கும் வெளங்கல. நீ போயித் தொரகிட்டயே கேட்டுக்க."

பெரிய மானேஜருக்கு அடுத்த வெள்ளைக்காரரான சின்னத்துரைக்கு முப்பது வயசிருக்கும். பிரான்சு தேசத்தில் படித்த காலத்தில் இப்படியொரு பந்தயத்தைப் பார்த்தவராம். மழைக்காலத்தில், சேற்றில்தான் அங்கே நடத்துவார்களாம். அவருக்குத் தமிழ் தெரியும், ஆனால் அது தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ். பங்களா வாசலில் நின்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

"ராக்கப்பன், பாரு. நீ ஓட்டு. அப்பறம் நீ ஓடு. அப்பறம் தூக்கு. அப்பறம் மறுபடி நீ ஓட்டு."

"யார ஓட்டணும் தொர?"

"சைக்கிள்."

"சரிங்க தொர. அப்ப ஓடுறது யாரு? சைக்கிளா நானா?"

"நீ. சைக்கிள் உன் தோள் மேல."

ராக்கப்பன் தன் தோளைத் தொட்டுப் பார்த்தான். "சைக்கிள் இருக்கறது நம்மளத் தூக்கிட்டுப் போகத்தானே தொர? நாம எதுக்கு அதத் தூக்கணும்?"

"அதுதான் பந்தயம்!" என்று துரை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"எத்தன சுத்து தொர?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியுங்க தொர?"

"யாருக்கும் தெரியாது. நாற்பது நிமிஷம் ஓட்டு. மணி அடிச்சா அதுக்கப்பறம் ஒரு சுத்து. அது கடைசி."

வரும் வழியெல்லாம் ராக்கப்பன் இதையே மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எத்தனை சுற்று என்று வைத்தவருக்கே தெரியாத பந்தயம். சைக்கிள் விடத் தெரியாதவன் போகிற சைக்கிள் பந்தயம். ஆனால் ஓடுவதும் தூக்குவதும் உண்டு. ஓட்டம் தனக்கு வரும். அப்படியானால் இது தனக்கு ஆகிற காரியமா, ஆகாததா? நல்லது நடக்கப்போகிறதா, மானம் போகப்போகிறதா என்றே அவனுக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் தபாலை ஒப்படைத்துவிட்டு, பாழடைந்த பழைய பாதையில் ஒருத்தருக்கும் தெரியாமல் பழகிப் பார்த்தான். மூன்று தரம் விழுந்தான். மூன்றாவது தரம் முட்டி கிழிந்துவிட்டது. எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

கம்பவுண்டர் மிக்கேல்ராஜ் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். காயத்தைக் கழுவியபடியே, "எங்கன விழுந்த?" என்று கேட்டார்.

"சைக்கிள்ல இருந்துங்க."

"ரெண்டு வருசமா ஓட்டுத, இப்பம் போயி விழுந்திருக்கியே?"

மருந்து எரிந்ததாலோ, அவர் குனிந்திருந்ததால் முகம் பார்க்க வேண்டியிராததாலோ, ராக்கப்பன் உண்மையைச் சொல்லிவிட்டான். கல், சரிவு, விறகு அடுக்கு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "என் ஒடம்பு வாகு அப்படிங்க. சைக்கிளுக்குச் சேராது" என்றான்.

மிக்கேல்ராஜ் சிரிக்கவில்லை. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். படிக்கிற காலத்தில் பாளையங்கோட்டையில் அவருடைய அத்தான் வைத்திருந்த வாடகைச் சைக்கிள் கடையில் மூன்று வருஷம் நின்றவர் அவர்.

"வெளிய வா. சைக்கிளக் கொண்டா."

சைக்கிளின் குறுக்கே அவனை நிற்கச் சொன்னார். நுனிக்காலில் நின்றும் நடுக்குழாய் இடித்தது. அளவு நாடாவை எடுத்து வந்து கவட்டிலிருந்து குதிகால் வரை அளந்தார். பிறகு சைக்கிளில் சீட்டுக்குக் கீழே போகிற குழாயை அளந்தார்.

"ஒன் காலு இருபத்தெட்டு இஞ்சு. இந்தக் கொழாயி இருபத்திநாலு, அதும் தரையில இருந்து இல்ல, பெடலு அச்சுல இருந்து. ஆறடி ஆளுக்குச் செஞ்ச வண்டிய ஒன்கிட்டக் குடுத்திருக்கான். இதுல ஒன் ஒடம்ப எதுக்கு வையுத? நாலாம் நம்பர் செருப்பு போடுதவனுக்குப் பத்தாம் நம்பரக் குடுத்தா அவன் நடக்க மாட்டாம விழத்தான் செய்வான்."

ராக்கப்பனுக்கு இது சட்டென்று மண்டையில் ஏறவில்லை. "அப்ப வண்டியில அளவு இருக்குங்களா?"

"இல்லாமலா? குறுக்க நின்னா கொழாய்க்கும் ஒனக்கும் நடுவுல ரெண்டு வெரலாவது போகணும். சீட்டுல உக்காந்து குதிகாலப் பெடல்ல வச்சா முட்டி நேரா நிக்கணும், இடுப்பு சாயக் கூடாது. முழங்கைய சீட்டு முனையில வச்சா வெரல் நுனி ஹேண்டிலத் தொடணும். அம்புட்டுத்தான். ஒனக்கு இருபது இஞ்சு வண்டி வேணும்."

"இருபது இஞ்சு எங்க இருக்கு?"

மிக்கேல்ராஜ் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த கொட்டகையைக் காட்டினார். முன்பிருந்த பெரிய துரையின் சம்சாரம் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன சைக்கிள் அங்கே சாக்குக்கு அடியில் கிடந்தது. துரைசாணி பாவாடையோடு ஏறுவதற்காக நடுக்குழாயை மேலே வைக்காமல் கீழே வளைத்து வைத்த வண்டி.

"இது பொம்பள வண்டிங்க!" என்றான் ராக்கப்பன்.

"ஒன் காலுக்கு அது தெரியவா போகுது? ஏறு."

ஏறினான். ஏறுவதற்குக் கல் தேவைப்படவில்லை. காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான், உட்கார்ந்தான், பெடல் காலுக்கு அடியிலேயே இருந்தது. மிதித்தான். ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். நிறுத்த வேண்டும் என்று தோன்றியபோது நிறுத்திக் காலைத் தரையில் ஊன்றினான். விறகும் வேண்டியிருக்கவில்லை, சுவரும் வேண்டியிருக்கவில்லை. திரும்பவும் ஒரு வட்டம் வந்தான். அவனுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இரண்டு வருஷமாகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டது யாருக்காக?

ஆனால் இந்த நிம்மதி ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் ஓடைக்கரையில் இறங்கிச் சைக்கிளைத் தோளில் போடப் பார்த்தால், போட இடமில்லை. பெரிய சைக்கிளில் நடுக்குழாய்க்கு அடியில் தோளைக் கொடுத்துத் தூக்கினால் அது தொட்டில் மாதிரி அமர்ந்துகொள்ளும். இதில் குழாய் கீழே கிடந்தது. எப்படிப் பிடித்தாலும் சக்கரம் திரும்பி முகத்தில் அடித்தது, பெடல் விலாவில் குத்தியது.

ஓட்டுவதற்கு ஆகிற வண்டி தூக்குவதற்கு ஆகவில்லை. தூக்குவதற்கு ஆகிற வண்டி ஓட்டுவதற்கு ஆகவில்லை. எதை எடுப்பது?

கண்டக்டர் குருசாமியிடம் கேட்டான். "அட கூறுகெட்டவனே, உசரமான வண்டிதான் வேகமாப் போகும். துரைசாணி வண்டியில போயி எஸ்டேட் மானத்த வாங்கிராத" என்றார் அவர். மிக்கேல்ராஜிடம் கேட்டான். "முக்காவாசி தூரம் ஓட்டத்தான் போற. அதப் பாரு" என்றார். பேக்டரியில் தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர் தானாகவே கூப்பிட்டு, பெரிய வண்டியின் பெடலில் மரக்கட்டை கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு நாள் பெரிய சைக்கிளில் மரக்கட்டை கட்டிப் பழகினான். அடுத்த நாள் சின்னதில் பழகினான். கடைசியில் எதில் ஏறினாலும் மற்றதில் இருப்பதாகவே காலுக்குத் தோன்றி, இரண்டிலும் விழுந்தான். பந்தயத்துக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பூமாரி, ஓடைக்கு நடுவே இடுப்பளவு தண்ணீரில் ஒரு சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த புருஷனைப் பார்த்தாள். முதுகில் காலிக்கூடையோடு கரையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஏன் மாமா, அதக் குளிப்பாட்டுறியா?"

"பேசாமப் போ புள்ள. இது ஒனக்கு வெளங்காது."

"ஒனக்கு வெளங்கிருச்சா?"

அவன் கரைக்கு வந்து உட்கார்ந்தான். அவளிடமும் எல்லாவற்றையும் சொன்னான். கல்லில் ஏறியதையும், ரோட்டில் ஓடியதையும்கூடச் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான்.

"பன்னெண்டு மைலு தெனமும் ஓடியா வந்த?" என்றாள் பூமாரி. "அதான் பாதம் அப்படி வெடிச்சுக் கெடக்கா? நான் சைக்கிளு மிதிச்சுத்தான் வெடிக்குதாக்கும்னு வெளக்கெண்ண போட்டுவிட்டேன்."

பிறகு எழுந்து சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தன் கூடையிலிருந்து, தலையில் மாட்டிக்கொள்ளும் அகலமான சணல் பட்டையை அவிழ்த்தாள். ஒரு நுனியைச் சீட்டுக்குக் கீழே கட்டினாள். மறு நுனியை ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற கழுத்தில் கட்டினாள்.

"குழாய் இல்லாட்டி என்ன? இதுக்குள்ள தோளக் கொடு. முப்பது ராத்தல் எடைக் கொழுந்த நான் தூக்கலையா?"

முதல் தடவை பட்டை நீளமாகப் போய், சக்கரம் முழங்காலில் இடித்தது. ஒரு முழம் குறைத்தாள். அப்போது தோளை அறுத்தது. பழைய கம்பளித் துண்டைச் சுற்றினாள். பட்டை தளர்ந்து தொங்கினால் ஓட்டும்போது தொடையில் மாட்டியது. அதற்கு மட்டும் வழி கிடைக்கவில்லை. "பல்லக் கடிச்சுக்க மாமா" என்றாள். ஆக, முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் ஓடையைத் தாண்டி எதிர்க்கரை மேட்டில் ஓடமுடிந்தது.

சனிக்கிழமை காலை கிளப் மைதானத்தில் ஒரு பக்கம் துரைமார்களும் துரைசாணிகளும் நாற்காலியில், மறுபக்கம் ஆறு எஸ்டேட் ஜனங்களும் புல்லில். ஆறு பேர் வரிசையாக நின்றார்கள். ராக்கப்பன் வண்டியைப் பார்த்ததும் ஜனங்கள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. "தாவணி எங்கப்பா?" என்று யாரோ ஒருவன் கத்தினான். குருசாமி தலையைக் குனிந்துகொண்டு கூட்டத்தின் பின்னால் போய்விட்டார். பக்கத்தில் நின்ற நெட்டை ஆள் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்து எஸ்டேட்டுப் பேக்டரியில் எஞ்சின் பார்க்கிற சுவக்கீன் அவன். பட்டையைத் தொட்டுப் பார்த்து, "இது எதுக்கு?" என்று கேட்டான். ராக்கப்பன் சொன்னான். "நல்ல வேல" என்றான் சுவக்கீன்.

விசில் ஊதினார்கள். புல்சரிவில் எல்லாரும் பாய்ந்து இறங்கினார்கள். ராக்கப்பன் ஆறாவது. ஓடையில் பட்டை சட்டைப் பொத்தானில் மாட்டிக்கொண்டு, அவிழ்ப்பதற்குள் மற்ற ஐந்து பேரும் அக்கரை ஏறிவிட்டார்கள். அதன்பிறகு மண்ணில் வெட்டிய நாற்பது படிகள். அங்கேதான் அவன் கால்களுக்கு நினைவு வந்தது. சைக்கிளோடு ஏற்றத்தில் ஓடுவதுதானே இரண்டு வருஷமாக அவன் பிழைப்பு. படியில் இரண்டு பேரைத் தாண்டினான். உச்சியில் மற்றவர்கள் சேறு அப்பிய காலை உயரமான சீட்டுக்கு மேலே தூக்கிப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். இவன் காலை உள்ளே வைத்தான், போனான். அங்கே இன்னும் இரண்டு பேர் பின்னால் போனார்கள். இரண்டாவது சுற்றில் ஓடையில் சுவக்கீனின் சங்கிலி கழன்றிருந்தது. அவன் குனிந்து மாட்டிக்கொண்டிருக்க, ராக்கப்பன் தாண்டினான்.

முன்னால் ஆளே இல்லை. அது அவனுக்குத் தெரிந்தது. அதுவரைதான் அவனுக்கு எல்லாம் தெரிந்தது.

மேற்கிலிருந்து பனி இறங்கியது. தேயிலை, படி, மைதானம் எல்லாம் வெள்ளையாகிப் போயின. பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. அடுத்த சுற்றில், அது மூன்றாவதா நான்காவதா, முன்னால் ஒரு முதுகு தெரிந்தது. நான்தானே முதல்? அப்படியானால் இவன் எப்போது என்னைத் தாண்டினான்? விரட்டிப் போய்த் தாண்டினான். கொஞ்ச தூரத்தில் இன்னொரு முதுகு. அதையும் தாண்டினான். எத்தனை பேரைத் தாண்டினாலும் முன்னால் யாரோ இருந்துகொண்டே இருந்தார்கள். ஆறு பேர்தான் ஓடுகிறோம், ஏழெட்டுப் பேரைத் தாண்டிவிட்டோமே என்று கணக்குப் போட்டான். கணக்கு நிற்கவில்லை. கணுக்காலில் இரண்டு அட்டைப்பூச்சிகள் ஏறியிருந்தன. படியில் தாண்டிய ஆள் சுவக்கீன் மாதிரி இருந்தான். அப்புறம் ஓடையில் பட்டையைச் சரி செய்யும்போது தன்னைத் தாண்டிப் போனவனும் சுவக்கீன் மாதிரிதான் இருந்தான்.

தூரத்தில் மணி அடித்தது. கடைசிச் சுற்று என்று உயிரைக் கொடுத்து மிதித்தான். மைதானத்துக்கு வந்தால், பனிக்குள்ளிருந்து "போ! போ!" என்று குரல் வந்தது. பூமாரி குரல்தான். "மணி அடிச்சிருச்சே!" என்று கத்தினான். "அது பேக்டரி மணி மாமா! போ!" என்றாள். போனான். படி ஏறும்போது மறுபடி மணி. இது எது? வந்து சேர்ந்தபோது கோடு எங்கே போட்டிருக்கிறது என்றே தெரியவில்லை. கைதட்டும் சத்தம் கேட்டது. அது தனக்கா, பின்னால் வருகிறவனுக்கா? நின்று தப்பாகிவிட்டால்? ஒரு சுற்று அதிகம் போனால் நஷ்டமில்லை என்று மறுபடியும் சரிவில் இறங்கினான்.

அந்தச் சுற்றில் முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் திரும்பி வந்தபோது மைதானத்தில் நாற்காலிகள் பாதி காலியாக இருந்தன. சுவக்கீன் கழுத்தில் மாலையும் கையில் வெள்ளிக் கப்புமாக நின்றான். மிக்கேல்ராஜும் நாலு ஆட்களும் கையில் கயிறோடு ஓடைப் பக்கம் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பூமாரி அழுத முகத்தோடு ஓடி வந்து அவன் முதுகில் ஒரு குத்து குத்தினாள்.

"செத்துட்டேன்னு நெனச்சேன்யா! எங்க போன?"

"பந்தயத்துக்கு" என்றான் ராக்கப்பன்.

சின்னத்துரை வந்தார். சுற்று எண்ணிய கிளப் கிளார்க் சிலேட்டைக் காட்டினார். சாக்பீஸ் கோடுகள் தூறலில் கரைந்து பாலாக வழிந்திருந்தன. சுவக்கீன் பேருக்கு நேரே ஆறு கோடு இருந்தது, அல்லது ஐந்து. ராக்கப்பன் பேருக்கு நேரே ஒரு வெள்ளைத் திட்டு மட்டும் இருந்தது.

"நீ எத்தன சுத்து போன?" என்று துரை கேட்டார்.

எட்டு என்று சொன்னால் மறுப்பதற்கு ஆளில்லை. ராக்கப்பன் நினைத்துப் பார்த்தான். எவ்வளவு நினைத்தும் எல்லாச் சுற்றும் ஒரே படியாக, ஒரே ஓடையாக ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன.

"தெரியல தொர."

சுவக்கீன் மாலையைக் கழற்றினான். "தொர, இவரு என்னய ரெண்டு வாட்டி தாண்டுனாரு. ஒரு வாட்டி ஓடையில, ஒரு வாட்டி படியில. நடுவுல நான் அவரத் தாண்டுனேனான்னா, ஒருத்தரத் தாண்டுனேன். அது இவரா, வேற ஆளான்னு சத்தியமா எனக்குத் தெரியல. பனி."

துரை சிலேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் குருசாமி முன்னால் வந்து, "நான் அப்பவே சொன்னேன் தொர. நம்ம ஆபீஸ் சைக்கிளயே எடுத்திருந்தா இந்தக் கொழப்பமே இல்ல. அதுல ரெண்டு வருசமாப் பழகுனவன் இவன்" என்றார்.

ராக்கப்பனுக்குக் களைப்பில் பொய்யைப் பிடித்து வைத்திருக்கத் தெம்பில்லை.

"நான் அதுல ஒரு நாளும் போனதில்ல தொர. எனக்கு எட்டாது. அது இருபத்திநாலு இஞ்சு. எனக்கு இருபதுதான். தள்ளிக்கிட்டு ஓடியாருவேன்."

துரைக்கு முதலில் புரியவில்லை. மிக்கேல்ராஜ் இங்கிலீஷில் ஏதோ எடுத்துச் சொன்னார். துரையின் முகம் மாறியது.

"ரெண்டு வருஷம்?"

"ரெண்டு வருசம் தொர."

"தபால் ஒரு நாள்கூட லேட் இல்ல!"

"லேட்டானா வேல போயிரும்ல தொர."

யாரும் சிரிக்கவில்லை. துரை கொஞ்ச நேரம் அந்தக் குட்டைச் சைக்கிளையும், அதில் கட்டியிருந்த சணல் பட்டையையும், ராக்கப்பனின் பாதத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார். கொடுத்த கப்பைத் திரும்ப வாங்க முடியாது. சிலேட்டு பேசாத இடத்தில் அவராலும் பேச முடியாது. ராக்கப்பனுக்கு ஒரு நல்ல கம்பளி. திங்கட்கிழமையிலிருந்து தபாலுக்குத் துரைசாணி சைக்கிளையே எடுத்துக்கொள்ளலாம், இருபது இஞ்சில் ஒன்று வாங்கக் கம்பெனிக்கு எழுதுகிறேன் என்றார். பொய் சொன்னதற்கு என்ன தண்டனை என்று ராக்கப்பன் காத்திருந்தான். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லாமலே போய்விட்டார். மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா என்று அவனுக்கு விளங்கவில்லை.

பனி விலகின ரோட்டில் அவனும் பூமாரியும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். ஏறி ஓட்டக் காலில் வலு இல்லை. அவள் அவனை ஒரு மதகுக்கட்டையில் உட்காரவைத்து, தன் மடியிலிருந்த உப்பை வைத்து அட்டைகளை எடுத்தாள். ஐந்து இருந்தன.

"ஏன் மாமா, ஜெயிச்சியா, தோத்தியா?"

"தெரியல புள்ள."

"நாளைக்கு நம்ம லயத்து வீடுகள்ல எல்லாரும் கேப்பாளுகளே. என்னன்னு சொல்லட்டும்?"

"ஓடுனாருன்னு சொல்லு."

அவள் கம்பளியைப் பிரித்துப் பார்த்தாள். நல்ல கனமாக இருந்தது. இருவருக்கும் போதும் என்றாள். அதைத் தலையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த வருசமும் வைக்கிறாகளாம். சுவக்கீன் சொன்னாரு. போவியா?"

"எனக்கென்ன கிறுக்கா?" என்றான் ராக்கப்பன்.

கொஞ்ச தூரம் நடந்தார்கள். எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது, ஒதுங்கி வழிவிட்டார்கள். வண்டி போனபின் அவன் திடீரென்று நின்றான்.

"அந்தப் படிய நான் ரெண்டு ரெண்டா ஏறுனேன் பூமாரி. மூணு மூணா ஏறியிருக்கணும். பட்டைய இன்னும் நாலு வெரக்கட கொறச்சா, சக்கரம் தட்டாது, ஏறிறலாம்" என்று சொல்லிவிட்டு, பட்டையை அங்கேயே பிடித்து இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.